ஐந்து சைபர்

என் அக்கா நெல்டாவின் புருஷன் டெல்மர் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தவர். ரோட்டில் எதிரே வரும் வண்டியின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவார். தன் வியாதியைத்தான் கோட்டை விட்டார். மே மாதம் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்றுநோய் கணையத்தில் ஆரம்பித்துக் கல்லீரல்வரை போயிருந்தது. இலை உதிர்கிற வரைக்கும் தாங்கலாம் என்றார் டாக்டர். இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் படுத்திருந்த டெல்மர் மூன்றாம் நாள் வாயைத் திறந்து கேட்டது இதுதான்: "வண்டியில இன்னும் எத்தனை மைல் பாக்கி?"

அந்த வண்டியை அறுபத்தாறில், கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்னால் புதிதாக வாங்கினார்கள். வானநீலம், இரண்டு கதவு. மழையில் வெளியே வராது. பனிக்காலத்தில் பனியை உருக்க ரோட்டில் உப்புத் தூவ ஆரம்பித்ததும் போர்வைக்குள் போய்விடும். மைல் மீட்டரில் ஐந்தே எண்கள், பக்கத்தில் மைலில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் வெள்ளைச் சக்கரம் ஒன்று. ஒவ்வொரு பத்தாயிரம் திரும்பும்போதும் இரண்டு பேரும் வண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம். எண் உருளுகிற வரைக்கும் நத்தை வேகத்தில் போய், ஓரமாக நிறுத்தி, மூன்று தடவை ஹாரன் அடித்து, ஒரே பாட்டில் சோடாவை இருவரும் குடிப்பார்கள். நாற்பதாயிரம் திரும்பியபோது நெல்டா நிறைமாதம். சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து போனாள். எழுபதாயிரத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய்விட்டாள். பதினோரு நாள் டெல்மர் வண்டியைத் தொடவே இல்லை.

எல்லாவற்றிலும் லட்சம்தான் பெரியது. ஐந்து ஒன்பதும் சேர்ந்து உருண்டு ஐந்து சைபராகிவிடும். வண்டி மறுபடி கடையிலிருந்து இறங்கிய நாளுக்குப் போய்விடும். ஐம்பத்தேழு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தார்கள். டெல்மர் அந்தக் கேள்வியைக் கேட்ட நாளில் மீட்டரில் இருந்தது 99961.

முப்பத்தொன்பது மைல். ஒரு மத்தியானத்தில் முடிகிற காரியம். ஆனால் ஜூலைவரை ஆஸ்பத்திரியும் மருந்தும் வாந்தியுமாகவே போனது. மருந்து வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று அவரே சொல்லி வந்த பிறகு, சாப்பாட்டு மேஜையில் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தார். எங்கள் பக்கத்து ஒஹையோ தட்டைப் பூமி. கட்டம் போட்ட நோட்டு மாதிரி மைலுக்கு ஒரு ரோடு குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எங்கே திரும்பி எங்கே சுற்றினால், சரியாக நாற்பத்தெட்டாம் ரோடும் நூற்றைம்பத்தோராம் ரோடும் சந்திக்கிற முக்கில் லட்சம் விழும் என்று கணக்குப் போட்டு வரைந்தார். கல்யாணமான மூன்றாம் நாள் நெல்டா கியர் போடத் தெரியாமல் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு அழுத இடம் அது.

"அன்னிக்கு இவ பின்னாடி பன்னி ஏத்தின லாரி ஒண்ணு நின்னுச்சு மாப்ளே. லாரிக்காரனை விடப் பன்னிங்கதான் அதிகமாத் திட்டுச்சு" என்றார் என்னிடம்.

"ஆமா, நீயும் பன்னிங்க கூடச் சேர்ந்து சிரிச்ச" என்றாள் நெல்டா.

கிளம்புகிற அன்று அவரைத் தலையணையோடு முன்சீட்டில் உட்கார வைத்தோம். நெல்டா சாவியைத் திருப்பினாள். அவ்வளவுதான், டாஷ்போர்டில் இருந்த மூன்று முள்ளும் ஒன்றாக எழும்பிக் கடைசிவரை போய் ஒட்டிக்கொண்டன. பெட்ரோல் நிரம்பி வழிகிறது என்றது ஒன்று. இன்ஜின் கொதிக்கிறது என்றது இன்னொன்று. ஆயில் பிரஷர் சொல்லவே வேண்டாம். வண்டி இன்னும் வீட்டு ஷெட்டை விட்டே நகரவில்லை.

"டேங்க்ல பாதிதான்டி இருக்கு. பொய் சொல்லுது. நீ பாட்டுக்கு ஓட்டு" என்றார் டெல்மர்.

நெல்டா சாவியை அணைத்துவிட்டாள். "சூடு முள்ளு சரியில்லாம நான் எடுக்க மாட்டேன். பாதி வழியில இன்ஜின் வெந்து நின்னுதுன்னா வெயில்ல உன்னை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கைகளால் அப்போது ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்ப முடியாது. அப்புறம் என்னைப் பார்த்தார். "மாப்ளே, நீ பாரு."

எனக்கு அதைவிடப் பெருமை வேறு கிடையாது. நான் யார் தெரியுமா? தானியக் கிடங்கில் எடை மேடை பார்த்தவன். முள் காட்டுவதைப் படித்து எழுதுவதுதான் என் வேலை. முள்ளே தப்பாகக் காட்டினால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் மார்பைத் தட்டிக்கொண்டு இறங்கினேன். முதலில் இன்ஜினில் சூடு பார்க்கும் சென்சாரை மாற்றினேன். முள் அசையவில்லை. அடுத்தது டேங்கைக் கழற்றி உள்ளே இருக்கும் மிதவையை மாற்றினேன். உடம்பெல்லாம் பெட்ரோல் நாற்றம். முள் மட்டும் அங்கேயே நின்றது. மடக்கு நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த டெல்மர் இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் சொன்னார்:

"டேய், மூணு பேருக்கு ஒண்ணாப் பைத்தியம் பிடிக்குமாடா? மூணுக்கும் சோறு போடறவன் எவன்னு பாரு."

சோறு போடுகிறவன் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தான். தீப்பெட்டி அளவு ஒரு தகரப் பெட்டி. பாட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டைக் குறைத்து மூன்று மீட்டருக்கும் ஐந்தாகக் கொடுக்க வேண்டியது. உள்ளே ஒட்டிக்கொண்டு பன்னிரண்டையும் அப்படியே விட்டுக்கொண்டிருந்தது. அதை எடுக்க மீட்டர் பலகை முழுவதையும் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. புதுப் பெட்டி இரண்டு நாளில் வந்தது. மாட்டப் பன்னிரண்டு நிமிஷம். அன்றைக்கே பலகையைத் திருப்பி மாட்டியிருந்தால் இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் பலகையை மேஜை மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடி மஞ்சளாகியிருந்தது. ஆரஞ்சு முட்களெல்லாம் வெளுத்துப்போயிருந்தன. வேக மீட்டரின் முகத்தில் ஐம்பதுக்குப் பக்கத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. ஐம்பத்தேழு வருஷம் காத்திருந்து பார்க்கப்போகிற எண்ணை இந்த அழுக்குக் கண்ணாடி வழியாகவா பார்ப்பார் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து மாநிலத்தில் பழைய மீட்டர்களைப் புதுப்பித்துத் தரும் கடை ஒன்று இருந்தது. பத்து நாள் ஆகும் என்றார்கள். டெல்மர் அந்த வாரம் வயிற்றில் சேர்ந்த நீரை எடுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரிடம் கேட்கவில்லை. நெல்டாவிடம் மட்டும், "பத்தே நாள் அக்கா, அசந்துபோயிடுவாரு" என்றேன். அவளும் களைப்பில் சரி என்று தலையாட்டினாள். கடையின் ஃபார்மை நிரப்பி, பலகையைப் பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் இருபத்துநாலு நாளானது. அதற்குள் அவர் நடப்பது நின்றது. சாப்பாடு நின்றது. முன்னறையில் ஜன்னல் ஓரம் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டார்கள். நர்ஸ் ஒருத்தி வாரம் இரண்டு தடவை வந்தவள் தினமும் வர ஆரம்பித்தாள். நான் போகும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்: "வந்துடுச்சா?" நான் நாளைக்கு என்பேன். ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் மாதம் ஒரு புதன்கிழமை காலை பெட்டி வந்தது. என் சமையலறையில் வைத்துப் பிரித்தேன். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. கண்ணாடி தண்ணீர் மாதிரி, முட்கள் ஆரஞ்சுப் பழம் மாதிரி. நடுவில், கறுப்பில் பளிச்சென்று, வெள்ளை வெளேரென்று ஐந்து சைபர்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்குப் போன் போட்டேன்.

"ஃபார்ம்ல மைல் எவ்வளவுன்னு ஒரு வரி இருந்துச்சே சார், நீங்க எழுதலையே" என்றான் அங்கே இருந்தவன். தன்மையான குரல். "எழுதலைன்னா நாங்க சைபர்ல வெச்சிடுவோம். பழைய வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாரும் அதைத்தானே கேக்கறாங்க. புதுசாப் பண்ணின வண்டிக்குப் புது மீட்டர்."

"திருப்பி வெக்க முடியுமா?"

"தாராளமா. அனுப்புங்க. இப்போதைக்குக் கையில வேலை நிறைய இருக்கு. மூணு வாரம்."

முள் நிறம், முகத்தின் நிறம், கண்ணாடி எல்லாம் நான்தான் அந்த ஃபார்மில் குண்டு குண்டாக எழுதினேன். அந்த ஒரு வரியை, இவர்களுக்கு எதற்கு இது என்று விட்டுவிட்டேன். வாழ்நாள் முழுக்க முள்ளைப் பார்த்து எண் எழுதிச் சம்பளம் வாங்கியவன் எழுதாமல் விட்ட ஒரே எண் அது. போனை வைத்த கையோடு நெல்டா கூப்பிட்டாள். "வாரக் கணக்கெல்லாம் இனிமே இல்லையாம்டா. நாள் கணக்குதான்னு நர்ஸ் சொல்லிட்டாங்க" என்றாள். "மீட்டர் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு" என்றேன்.

"நாளைக்குக் காலையில போயிடலாம். நர்ஸும் கூடப் பிடிக்கறேன்னாங்க."

பலகையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஷெட்டுக்குப் போனேன். சைபரிலிருந்து பின்னால் சுற்றினால் 99999 வரும், இன்னும் முப்பத்தெட்டு மைல் பின்னால் போனால் 99961. இதுதான் என் மூளைக்கு எட்டியது. டிரில்லைப் பின்பக்கம் ஓடவிட்டால் மீட்டரும் பின்பக்கம் ஓடும். மீட்டரின் முதுகில் இருந்ததோ பொடிச் சதுரத் துளை. அதற்குப் பொருந்துகிற முனை என்னிடம் இல்லை. பொருந்துவது வண்டியின் கேபிள் ஒன்றுதான். கியர் பாக்ஸிலிருந்து டாஷ்போர்டுவரை போய் மீட்டரைச் சுற்றுகிற இரும்புக் கயிறு அது. பலகையை மாட்டினேன், கேபிளை மாட்டினேன், வண்டிக்கு அடியில் படுத்து மறுமுனையைக் கழற்றி டிரில்லில் செருகினேன். மைலுக்கு ஆயிரம் சுற்று. முப்பத்தொன்பதாயிரம் சுற்று. டிரில் சூடேறக் கை மாற்றிப் பிடித்தேன். கொஞ்சம் சுற்றுவதும், வெளியே ஊர்ந்து வந்து எண்ணைப் பார்ப்பதும், மறுபடி அடியில் போவதுமாக இருந்தேன். வயது அறுபத்தொன்பது.

நெல்டா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "என்னடா சத்தம் இது? அவரு கேக்கறாரு."

"கேபிளுக்கு எண்ணெய் விடறேன்க்கா."

"எண்ணெய் விட்டா இப்படியா கத்தும்?"

"பழசுல்ல" என்றேன். அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மீட்டரில் 99961 நின்றது. சாவியைத் திருப்பினேன், மூன்று முள்ளும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றன. ஷெட் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிழைத்தேன் என்று நினைத்து அழுத அழுகை அது.

மறுநாள் காலை நர்ஸும் நானுமாக அவரைத் தூக்கி முன்சீட்டில் வைத்தோம். கனமே இல்லை. நெல்டா ஓட்டினாள், நான் பின்சீட்டில். சோடா பாட்டில் என் மடியில். டெல்மர் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவன்டா இவளுக்குப் பவுடர் போட்டு விட்டது?" என்றார் மெல்ல.

"நான்தான் மச்சான், அனுப்பிச் செய்யச் சொன்னேன். எப்படி இருக்கு?"

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கா." அவர் கண் அந்த ஐந்து எண்களின் மேல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

இருபுறமும் சோளம் காய்ந்து நின்றது. சோயா மஞ்சளாகியிருந்தது. அவர் வரைந்த காகிதத்தை நெல்டா ஸ்டியரிங்கில் ஒட்டி வைத்திருந்தாள். பத்து மைல், இருபது மைல். அவர் கண்ணை மூடும்போதெல்லாம் நான் எண்ணைச் சத்தமாகப் படித்தேன். முப்பதாவது மைலில் வேக முள் நடுங்க ஆரம்பித்தது. நாற்பதில் நிற்க வேண்டியது முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது.

"முள்ளு ஏன் ஆடுது?" என்றார் டெல்மர்.

"புதுசுல்ல மச்சான், பழகிடும்" என்றேன்.

99997 வந்தது. வெள்ளைச் சக்கரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. டாஷ்போர்டுக்குப் பின்னால் டிக்கென்று ஒரு சத்தம். வேக முள் ஒரு தடவை துள்ளிவிட்டு சைபரில் விழுந்தது. வண்டி அதே நாற்பதில் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைச் சக்கரம் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுவிட்டது.

"நின்னுடுச்சா?" நெல்டா பிரேக்கில் கால் வைத்தாள். "எல்டன், என்னடா ஆச்சு? நேத்துதானே எண்ணெய் விட்ட?"

டெல்மருக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. முன்னால் பார்த்தபடியே கேட்டார்: "எந்தப் பக்கம் சுத்தின?"

"பின்பக்கம் மச்சான்."

"கேபிளோட சேத்தா?"

"ஆமா."

"எத்தனை மைல்?"

"முப்பத்தொன்பதும்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரம் பிடித்தது. "முப்பத்தோரு வருஷம் ஷெட்ல ஒவ்வொருத்தன் கிட்டயும் கத்தியிருக்கேன். கேபிளைப் பின்பக்கம் சுத்தாதீங்கடா, புரி அவிழ்ந்துடும்டான்னு. கடைசியில என் வீட்டுலயே…"

"என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?" நெல்டா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "எதுக்குப் பின்பக்கம் சுத்தணும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபார்ம், எழுதாமல் விட்ட வரி, சமையலறை, டிரில். அவள் திரும்பாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அது ஏற்கெனவே சைபர் ஆயிடுச்சா" என்றாள். "உன் சமையல் மேஜை மேல."

"அக்கா…"

"அம்பத்தேழு வருஷம்டா. நீ பார்த்துட்ட. நாங்க பார்க்கல."

இறங்கிப் போய்விடலாம் என்றால் சுற்றிலும் சோளக்காடு. கேபிளைத் திருப்பி முறுக்க என்னால் முடியாது. அவரை ஒரு வாரம் பின்னால் சுற்றவும் என்னால் முடியாது. மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"நெல்டா, ஓட்டும்மா" என்றார் டெல்மர். "மூணு ரோடுதானே பாக்கி. மீட்டர் எதுக்கு? நான் எண்ணறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். முதல் ரோடு குறுக்கே வந்தது. "தொண்ணூத்தெட்டு" என்றார். குரல் தெளிவாக இருந்தது. அடுத்த ரோட்டுக்கு ஒரு மைல். எப்போதும் கண் மூடித் திறப்பதற்குள் போகிற மைல்தான். அந்த ரோடு வந்தபோது அவர் உதடு அசைந்தது. தொண்ணூற்றொன்பது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது.

நெல்டா நத்தை மாதிரி ஓட்டினாள். நாற்பத்தெட்டும் நூற்றைம்பத்தொன்றும் சந்திக்கிற முக்கில் கொண்டுபோய் நிறுத்தினாள். பின்னால் லாரி எதுவும் இல்லை. காற்றில் சோளத்தாள் உரசுகிற சத்தம் மட்டும். டெல்மர் தூங்கிக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்தது.

"டெல்" என்றாள். தோளைத் தொட்டாள். "டெல், வந்துட்டோம்."

அவர் கண் திறக்கவில்லை. அவள் இன்னொரு தடவை கூப்பிடவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு டாஷ்போர்டையே பார்த்தாள். சூடு முள் நடுவில் நின்றது. பெட்ரோல் கால் டேங்க். ஆயில் சரியாக இருந்தது. மைல் மீட்டரில் 99997.

அப்புறம் கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "எப்படி இருந்துச்சுடா அது?"

"எது அக்கா?"

"நீதானே பார்த்த. சொல்லு. அவருக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

முன்னால் சாய்ந்து அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனேன். "அஞ்சு சைபர் மச்சான்" என்றேன். "வரிசையா. வெள்ளை வெளேர்னு. கடையில இருந்து இறங்கின மாதிரியே இருந்துச்சு மச்சான்."

நெல்டா மூன்று தடவை ஹாரன் அடித்தாள்.